டிரம்ஸுக்கு எதிரே இரண்டு பெயர்கள்

எங்கள் குழுவின் இரண்டாவது கேசட்டை யாராவது இன்னும் வைத்திருந்தால், டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையைப் பிரித்துப் பாருங்கள். கிடார், பேஸ் கிடார், கீபோர்டு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கும். டிரம்ஸ் என்பதற்கு எதிரே மட்டும் இரண்டு பெயர்கள். அட்டை முழுவதும் என் கையெழுத்துதான். எழுத்துக் கோக்க வேண்டாம், கையால் எழுதியதை அப்படியே பிளாக் எடுத்துவிடலாம் என்று அச்சகத்தில் சொன்னதால் என்னை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது பெயர் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் அந்த வரியில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தேன்.

அந்தக் கேசட்டைக் கேட்டவர்களே கொஞ்சம் பேர். அவர்களிலும் ஒன்றிரண்டு பேர்தான் ஏன் இரண்டு பெயர் என்று கேட்டார்கள். "கொஞ்சம் பாட்டு அவர், கொஞ்சம் பாட்டு இவர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதுவும் முழுச் சரியில்லை. ஒன்பது பாட்டில் எட்டுக்கு ஒருவர். கடைசிப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் இன்னொருவர். அப்படி ஆனதற்குக் காரணம் நான். அல்லது நான்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எது என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

என் கணவரும் அவருடைய கல்லூரித் தோழர்களும் சேர்ந்து தொடங்கிய குழு அது. கள்ளக்குறிச்சியில் அப்போது ஆர்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டு. இவர்கள் சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, மின்சாரக் கிடாரைக் கரகரவென்று அலறவிட்டு, அதை ராக் என்று சொல்லிக்கொண்டார்கள். கரும்பு லாரியைப் பற்றி ஒரு பாட்டு. மழை ஏமாற்றிய ஐப்பசியைப் பற்றி ஒன்று. எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு யாரோ தெரியாமல் கூப்பிட்டுவிட, மூன்றாவது பாட்டில் பெண்ணின் தாய்மாமன் மேடையேறி, "தம்பிங்களா, கரண்டு ஷாக் அடிச்சா மாதிரி இருக்குது. ஒரு சாமி பாட்டாவது தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காராமலே வந்துவிட்டார்கள். இதை எனக்குச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தத் தாய்மாமனை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே முதல் கேசட் வெளிவந்து, குழுவும் ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்னொரு கிடார்காரர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். மாமனார் இறந்து நிலமெல்லாம் என் கணவர் தலையில் விழுந்தது. ஆனால் பேஸ் கிடார் வாசித்தவர், மருந்துக்கடை வைத்திருந்தவர், "தங்கச்சி, நீ வந்த. கிடாருக்கு உற போட்டாச்சு" என்று என்னிடம்தான் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு உள்ளே உறுத்தும்.

கச்சேரி நின்றாலும் சனிக்கிழமை நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையில் சாக்குப்படுதா கட்டி, மூன்று பேரும் கூடுவார்கள். மூன்றாவது ஆள் டிரம்ஸ் அண்ணன். அவர் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். சொந்த ஊர் திருநாவலூருக்குப் பக்கத்துக் காலனி. சனிக்கிழமை காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவார். சாயங்காலப் பஸ்ஸில் ஏறிவிடுவார். பஸ் தவறினால் மருந்துக்கடை மாடியில் படுத்துக்கொள்வார். கொட்டகைக்குள் என் கணவரை "டேய்" என்பார். தெருவில் பார்த்தால் "வாங்க, போங்க" என்பார். பொது இடத்தில் மரியாதை கொடுக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்களுடைய பாட்டு ஒன்றில் ஒரு விஷயம் உண்டு. நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கிடாரும் நிற்கும், பாட்டும் நிற்கும். அண்ணன் எப்போது குச்சியை இறக்குகிறாரோ அப்போதுதான் மறுபடி தொடங்கும். அது எவ்வளவு நேரம் என்று கணக்குக் கிடையாது. ஒரு நாள் உடனே இறக்குவார். இன்னொரு நாள், நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடியே நின்று, ஏதாவது ஆகிவிட்டதோ என்று எட்டிப்பார்க்கும் அளவுக்கு விட்டுவைப்பார். அந்தப் பாட்டு இல்லாமல் புதுக் கேசட் போடக்கூடாது என்பது என் கணவரின் பிடிவாதம். முதல் கேசட்டில் அது சரியாக வரவில்லை என்ற குறை அவருக்கு இருந்துகொண்டே இருந்தது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு ஒன்பது மாதமாகும்போது புதுச்சேரியில் ஓர் ஒலிப்பதிவுக்காரர் பழைய கேசட்டை எங்கோ கேட்டுவிட்டு, மறுபடி பதிவு செய்யலாம் வாருங்கள் என்று எழுதியிருந்தார். கீபோர்டுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு புதியவர் கிடைத்தார். என் கணவர் கிடாரின் உறையைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம்தான் மறியலும். இட ஒதுக்கீட்டில் தனிப்பங்கு கேட்டு எங்கள் ஆட்கள் சாலையில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு, இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தவள் நான். என் மகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்களைப் பார்த்தபோதும், எங்கோ காலனியில் குடிசைகள் எரிந்தன என்று காதில் விழுந்தபோதும், அந்த நியாயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. குழந்தைக்கு இருமல். ஜுரம் வந்தால் பஸ் இல்லை, கார் வராது. ராத்திரி பகல் எனக்கு அதே நினைப்பு.

குழுவின் கடிதங்களை எழுதுவது என் வேலை. என் கணவருடைய எழுத்து அவருக்கே புரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் இன்லாண்டு கடிதத்தில் எழுதுவேன். எழுதி முடித்து, ஒட்டும் முன், மடிப்பில் மிச்சமிருக்கும் சின்ன இடத்தில் என் சார்பாக ஒரு வரி சேர்ப்பேன். "பாப்பா நலம். பல் முளைக்கிறது." இப்படி ஏதாவது. அண்ணனும் பதில் எழுதும்போது மடிப்பில் எனக்கென்று ஒரு வரி எழுதுவார். "பல் எத்தனை?" என்பார். அந்த மடிப்பு எங்கள் இருவருக்கும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு என் கணவர் சொன்னது இவ்வளவுதான்: வருகிற சனிக்கிழமை முதல் ஒத்திகை, பஸ் இருந்தால் வா, இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை வா, புதுச்சேரிக்கு மூன்று வாரத்தில் போகிறோம். சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். கடிதம் மேசைமேல் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட, அவளை இடுப்பில் வைத்தபடியே தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சின்ன மாமா, என் மாமனாரின் தம்பி, கூப்பிட்டார். மறியலுக்கு எங்கள் தெருவில் ஆள் சேர்த்தது அவர்தான்.

"ஏம்மா, அந்த மல வாத்தியாரு சனிக்கெழம வர்றானாமே?"

"வருவாருன்னு நெனக்கிறேன் மாமா."

"வருவாரா! சரி, சரி." கொஞ்ச நேரம் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். "ஊரு இருக்கிற இருப்புல பசங்க கையில கல்ல வச்சிக்கினு சுத்தறானுங்க. எவன் எத எங்க வுட்டெறிவான்னு சொல்ல முடியாது. கைப்புள்ள இருக்கிற வூடு. எனக்கு இன்னா, சொல்றத சொல்லிட்டேன்."

அவர் மிரட்டினாரா, உண்மையாகவே அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு குழந்தையைக் கொஞ்சிவிட்டுத்தான் போனார்.

உள்ளே வந்தேன். ஜன்னலை ஒட்டித்தான் தொட்டில் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து நடுக்கூடத்தில் கட்டினேன். அப்புறம் கடிதத்தின் மடிப்பில் எழுதினேன்.

"அண்ணா, இந்த முறை நீங்கள் வர வேண்டாம். அவருக்கு உங்களிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். பாப்பா நலம்."

எதற்கு அந்த இரண்டாவது வாக்கியம்? நான் மட்டும் சொன்னால் அவர் கேட்க மாட்டார், கிளம்பி வந்துவிடுவார் என்ற பயம். வழியில் அவரை யாராவது ஏதாவது செய்துவிட்டால் என்ற பயம். இதை முதலில் எழுதுகிறேன், அப்போதும் இதைத்தான் முதலில் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் தொட்டிலை நகர்த்தியது அதற்கு முன்னால். அதை என்ன செய்வது?

தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். தபால்காரர் பெட்டியைத் திறக்க வருவார், கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். குழந்தை அழுதது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை பஸ்ஸே ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை ஓடியது. என் கணவர் பஸ் நிலையத்துக்குப் போய் மலைப் பஸ் காலியாகும்வரை நின்றுவிட்டு வந்தார். கடிதமும் வரவில்லை.

"கோச்சிக்கினு இருக்கான்பா" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீ அன்னிக்கு மறியல்ல போய் ஒக்காந்தியே, அது மலமேல போய் சேராமயா இருக்கும்?"

"சித்தப்பா கூப்புட்டாரு, போனேன். அரமணி நேரம் ஒக்காந்தேன். அதுக்கா?"

"அதுக்குத்தான்னு நான் சொன்னனா?"

"பின்ன எதுக்குடா?"

"என்னக் கேட்டா? நான் மருந்து விக்கிறவன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். "கடுதாசில தேதியெல்லாம் ஒழுங்கா எழுதினியா?"

"எழுதினேங்க" என்றேன். தேதியை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன்.

புது டிரம்ஸ்காரர் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துக் கை தேர்ந்தவர். அவரும் எங்கள் ஆட்களில் ஒருவர்தான். முதல் நாளே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்து, "சர்க்கர கொஞ்சம் கம்மிம்மா" என்றார். நல்ல மனிதர். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வாசிப்பார். அந்தப் பாட்டில் மட்டும் மாட்டிக்கொண்டார்.

"இங்க நிக்கிறது எத்தினி எண்ணிக்கைன்னு சொல்லுங்க சார், கரெக்டா அடிச்சிடறேன்."

"எண்ணிக்க இல்லீங்க. தோணும்போது அடிக்கணும்."

"யாருக்கு தோணும்போது சார்?"

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. நான்கு எண்ணிப் பார்த்தார்கள், ஆறு எண்ணிப் பார்த்தார்கள், எட்டும் எண்ணினார்கள். எட்டு எண்ணும்போது அந்த மனிதருடைய உதடு அசைவது அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. புதுச்சேரிக்குப் போய் எட்டுப் பாட்டைப் பதிந்துவிட்டு, ஒன்பதாவதை விட்டுவிட்டு வந்தார்கள். நாடாவில் இடம் வைத்திருக்கிறேன், ஒரு மாதத்துக்குள் வந்தால் அதையும் பதிந்துவிடலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

பதிவான எட்டுப் பாட்டையும் என் கணவர் கூடத்தில் டேப்ரிகார்டரில் போட்டுக் காட்டினார். ஒரு பிசிறு இல்லை. "எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாக இருப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. கேசட்டைத் திருப்பிப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அட்டை எழுத உட்கார்ந்தோம். குழந்தை என் மடியில். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். கடைசியில், "கீழ நன்றின்னு போட்டு அவன் பேர எழுது" என்றார்.

"யாரு பேருங்க?"

"அவன் பேருதான். வராட்டி போறான். பாட்டெல்லாம் அவன் இல்லாம வந்துச்சா?"

அண்ணனுடைய பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அவர் என்ன என்று கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். மடிப்பில் எழுதிய நான்கு வரியையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். ஒரு மாதமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த வரிகள்தானே.

அவர் கத்தவில்லை. மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். குழந்தையை எடுத்துக்கொண்டு போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியாமல், கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே நின்றேன். பால் கேட்டு அவள் அழுத பிறகு கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் தயங்கறேன்னு எழுதனியா?"

"ஆமாங்க."

"நான் எதுக்குமே தயங்கனவன் இல்லியே." கோபத்தைவிட வியப்புதான் அந்தக் குரலில் இருந்தது. பிறகு சொன்னார். "நீ எழுதுன. நீயே போய் சொல்லு. நான் வந்தா அவன் சிரிச்சிக்கினே பேச்ச மாத்திடுவான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம்வரை சாலையின் இரு பக்கமும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டை. முன்பெல்லாம் நிழலாக இருந்த இடத்தில் வெயில் நேராகக் குழந்தையின் முகத்தில் விழுந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டே வந்தேன். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு அவள் கக்கினாள். இவளைக் கொண்டுவந்தது தப்போ, விட்டுவிட்டு வந்திருந்தால் அது தப்போ என்று இறங்கும்வரை யோசித்தேன்.

அண்ணன் பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் நின்றிருந்தார். மதிய சாப்பாட்டு நேரம். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா."

"கொழந்தயத் தூக்கிக்கினு இவ்ளோ தூரம்… காது அடச்சிருக்குமே அதுக்கு." அறைக்குள் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீட்டப்போனவர் பாதியில் நின்றார். "குடிக்கிறீங்களா?"

வாங்கி மடமடவென்று குடித்தேன். தாகம்தான். ஆனால் அவ்வளவு வேகமாகக் குடித்தது தாகத்தாலா, குடிப்பதை அவர் பார்க்கட்டும் என்றா? குழந்தைக்கும் இரண்டு வாய் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, காய்ச்சாத தண்ணீராயிற்றே என்று உடனே பயந்தேன்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிரித்தார்.

"அது நீங்களா எழுதனதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. அவனா தயங்கறவன்? எத்தன நாளா பாக்கறேன், மூஞ்சிக்கு நேரா காறித் துப்புவானே தவிர தயங்க மாட்டான்."

"தெரிஞ்சும் ஏன் வரல?"

"வூட்டுக்காரங்க வராதன்னு சொன்னப்புறம் எப்படி வர்றது?"

"நான் பயந்துட்டேண்ணா. உங்களுக்கு வழியில ஏதாவது…"

"பயந்தது தப்பு இல்ல. நானும்தான் பயந்தேன். எங்க ஊருக்கு ரெண்டு மாசமா நானே போகல." பலாமரத்தின் பட்டையை நகத்தால் உரித்தார். "ஆனா ஒண்ணு, படிச்சிட்டு சிரிப்பு வந்துச்சு. வூட்டுக்கு வராதீங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் உங்க வூட்டுக்கு எப்ப வந்தேன்? கொட்டாய்க்குத்தான வந்துகினு இருந்தேன்."

நான் வீடு என்று எழுதவில்லை, வர வேண்டாம் என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கொல்லைச் சந்து வழியாக வருவார். சந்து வழியாகவே போவார். கொட்டகைக்கு நான் தேநீர் கொடுத்தனுப்புவது கண்ணாடி கிளாசில். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ்தான், என் கணவருக்கும். அதனால் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. ஐந்து வருஷம். கூடத்தில் எவர்சில்வர் டம்ளரோடு உட்கார்ந்து சர்க்கரை கம்மி என்ற புது டிரம்ஸ்காரர் ஞாபகத்துக்கு வந்தார். யாரும் யாரையும் அந்த வழியாக வா, இந்த வழியாக வா என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. என் கணவர் சொல்லியிருப்பாரா? மாமனார் காலத்தில் யாராவது சொல்லியிருப்பார்களா? யாருமே சொல்லாமல் ஒரு மனிதர் எப்படி அந்தச் சந்து வழியைக் கண்டுபிடித்தார்?

"ஒரு பாட்டு பாக்கி இருக்குண்ணா" என்றேன். "அவரு வேற யாரையும் வச்சி அதப் பதிய மாட்டேங்கிறாரு."

"புது ஆளு எப்படி?"

"நல்லா அடிக்கிறாரு. எண்ணிக்க கேக்கறாரு."

இதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். குழந்தை அந்தச் சத்தத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மரத்தடியில் கிடந்த பலகைமேல் இரண்டு விரலால் தட்டினார். தட்டி நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். மறுபடி தட்டியதும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். "பாக்கலாம்" என்றார் என்னிடம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்ததும் என் கணவர் தானே உட்கார்ந்து, தன் கோழிக்கிறுக்கலில் ஒரு கடிதம் எழுதி, தானே ஒட்டிப் போட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப்பின் அவர் கடிதங்களை நான் எழுதியதில்லை. அது தண்டனையா, வெறும் வழக்க மாற்றமா என்றும் கேட்கவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. படித்துவிட்டு, "சனிக்கெழம வர்றான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். "மடிப்புல உனக்கு எழுதியிருக்கான்."

ஒரே வரி. "வாசல் வழியா வரட்டுமா, கொல்லை வழியா வரட்டுமா? நீங்கள்தான் எழுத வேண்டும்."

அன்று பகல் முழுக்க அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிந்தேன். கிண்டலா, கேள்வியா? பக்கத்து வீட்டு முன்னால், எங்கள் வாசலையே பார்ப்பதுபோலச் சின்ன மாமாவின் நாற்காலி. மறியல் ஓய்ந்திருந்தது. கல் ஓய்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? கைப்பிள்ளை இருக்கிற வீடு என்று அவர் சொன்னதும் காதில் இருந்தது. கடைசியில் ஒரு தபால் அட்டை வாங்கி, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று, எழுதினேன். "வாசல் வழியாக வாருங்கள்." பெட்டியில் போட்டுவிட்டு இந்தத் தடவை அங்கே நிற்கவில்லை. தைரியத்தால் எழுதினேனா, அண்ணன் முன்னால் சின்னவளாகிவிடக் கூடாதென்று எழுதினேனா என்று வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே வாசல் தெளித்து, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தேன். எவர்சில்வர் டம்ளரைப் புளிபோட்டுத் தேய்த்து எடுத்து வைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

"யாரு வர்றாங்க, இவ்ளோ அமக்களமா?" என்றார் சின்ன மாமா நாற்காலியிலிருந்து.

"டிரம்ஸ் அண்ணன் வர்றாரு மாமா. வாசல் வழியா வருவாரு."

அவர் எழுந்து போகவில்லை. மலைப் பஸ் வரும் நேரம் ஆனது. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் தாண்டியது. அவரும் என்னோடு சேர்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்களுக்குப் பின்னால், வீட்டைத் தாண்டி, கொட்டகையில், குச்சியோடு குச்சி தட்டும் சத்தம் கேட்டது. நாலு தட்டு. கிடார் சேர்ந்துகொண்டது. குழந்தை என் தோளுக்கு மேல் எக்கிப் பின்பக்கம் பார்த்தாள்.

கொல்லை வழியாகவே வந்திருந்தார். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று வந்தாரா, உன் வாசல் எனக்கு வேண்டாம் என்று வந்தாரா, கால் பழகிய வழியில் தானாக வந்துவிட்டதா? பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை. சின்ன மாமா என்னைப் பார்த்தார். நல்லவேளை என்பதுபோலவும் இருந்தது அந்தப் பார்வை. கேலி போலவும் இருந்தது.

பாட்டு அந்த இடத்துக்கு வந்து நின்றது. நானும் என்னையறியாமல் எண்ணினேன். நாலு, ஆறு, எட்டு தாண்டியது. இவ்வளவு நீளமாக அவர் விட்டுவைத்ததே இல்லை. கதவைச் சாத்துவதா, வேண்டாமா என்று கையை அதன்மேல் வைத்தபடி நின்றேன். எனக்குத் தெரியவில்லை.

குச்சி இறங்கியது. நான் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தேய்த்து வைத்த டம்ளரை எடுத்துக் காபியை ஊற்றிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் போனேன்.